குளிர் வேறு, காய்ச்சல் வேறு என்று எண்ணியிருந்தோம்

ஐயா என்றும் அம்மா என்றும் இருவகையாகவும் அழைத்தே தொடங்குகிறேன். இதனை வாசிப்பவர் ஆடவரோ பெண்டிரோ நான் அறியேன். யாராயினும், தம் வீட்டில் ஒருவரைக் கத்தி வைக்கும் ரண சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தவராகவோ இனி நேரக்கூடியவராகவோ இருப்பீர்கள் என்று கருதி, என் மனைவி கோமதியம்மாள் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களின் விவரத்தை எழுதுகிறேன். நான் மேலகரத்தில் நெற்பயிர் செய்து வாழ்பவன். வைத்திய சாஸ்திரம் கற்றவனல்லன். டாக்டர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறேன். பிழை இருப்பின் அது என் செவியின் பிழையேயன்றி அவர்கள் வாயின் பிழையன்று.

நோய் தொடங்கிய விதம் சிரிப்புக்கு இடமானது. எங்கள் பெண்கள் இருவரையும் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு, கோமதிக்கு வயிறு பெருக்கத் தொடங்கிற்று. கணவனை இழந்து எங்களோடு இருக்கும் என் தமக்கை ஆவுடையம்மாள் அதைக் கண்டு, "ஏட்டி, பேரன் எடுக்கப் போற வயசுல பிள்ளை எடுக்கப் போறியோ?" என்றாள்.

"எடுத்தா நீங்கதான் மதினி தொட்டில ஆட்டணும். எனக்கு நடவு கெடக்கு" என்றாள் கோமதி.

இந்தப் பேச்சைக் கேட்டுத் தெருப் பெண்களும் அவளை விடவில்லை. ஆனால் மாதங்கள் சென்றும் வயிற்றில் அசைவு இல்லை. மாறாக, குனிந்தால் மூச்சு முட்டுகிறது, நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை என்றாள். முகம் வற்ற வயிறு மட்டும் வளர்வதைக் கண்டபின் ஒருவரும் கேலி செய்யவில்லை. நடவு முடிந்த கையோடு அவளை வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாள் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்தவர்; வயதில் இளையவர், பேச்சில் நிதானமானவர். வயிற்றைத் தட்டியும் அழுத்தியும் பார்த்து, கருப்பைக்கு அருகே சூல் தங்கும் உறுப்பில் நீர் கோத்து ஒரு பை வளர்ந்திருக்கிறது, அது இப்போது பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது என்றார். மருந்தினால் அது கரையாது. காம்பில் தொங்கும் காய் போல் அது தொங்குகிறதாம். காம்பு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். ஆகையால் வயிற்றைக் கீறி எடுத்துவிட வேண்டும் என்றார்.

வயிற்றைக் கீறுவது என்பது எனக்குப் புதிய சொல். எங்கள் ஊரில் காலில் கட்டி அறுத்துக்கொண்டவர் உண்டு, கண்ணில் சதை எடுத்துக்கொண்டவர் உண்டு. வயிறு திறக்கப்பட்டு வீடு திரும்பியவரை நான் பார்த்ததில்லை. கோமதி மட்டும், "எடுத்துட்டா மறுபடி குனிஞ்சு நிமிர முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றார் டாக்டரம்மாள். "அப்பம் எடுத்துருங்க" என்றாள்.

உடனே எடுத்துவிடவில்லை. உடம்பு அதற்குத் தாங்குமா என்று பார்க்கச் சில நாட்கள் படுக்கையில் வைத்தார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள், இரத்தத்தின் செம்மையைப் பார்த்தார்கள், நெஞ்சின் ஓசையைக் கேட்டார்கள். காலையும் மாலையும் நாவின் கீழ் உஷ்ணமானியை வைத்து, கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் ஒரு புள்ளி இட்டுப் போனார்கள். நலமுள்ள உடம்பின் சூடு தொண்ணூற்றெட்டும் சொச்சமும் என்றும், அது காலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்று ஏறியும் இருப்பது இயல்பு என்றும் அப்போதுதான் அறிந்தேன். அந்தப் புள்ளிகளைச் சேர்த்த கோடு தாழ்ந்த வரப்பைப் போல் மேடுபள்ளமில்லாமல் ஓடினால்தான் கத்தி எடுப்பார்களாம். முன்பே காய்ச்சல் குடிகொண்ட உடம்பைக் கீறினால், பின்னர் வரும் காய்ச்சல் பழையதா, புண்ணினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமற் போகும் என்று டாக்டரம்மாள் விளக்கினார். அவர் அன்று சொன்னதன் முழுப் பொருளையும் நான் பிறகுதான் அறிந்தேன்.

காத்திருக்கும் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர், தம் மகனுக்குக் குடலிறக்கம் என்று வந்து தங்கியிருந்தார். "வீட்டுக்காரிக்கு எத்தனை டிகிரின்னு கேட்டீராவே?" என்பார் காலையில் என்னைக் கண்டதும். "இங்கன நாளு நட்சத்திரம் எல்லாம் கெடையாது. டிகிரிதான் சாதகம்." நானும் அதற்குப் பின் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்பாக அட்டையைப் பார்க்கத் தொடங்கினேன்.

ரண சிகிச்சைக்கு முன் டாக்டரம்மாள் கோமதியைக் கேள்வி கேட்ட பொழுது நான் அருகில் நின்றேன். அந்த உரையாடலை நினைவிலிருந்து அப்படியே தருகிறேன். எல்லாம் அதிலேயே இருக்கிறது.

"அம்மா, இதற்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்ததுண்டா?"

"இல்லம்மா."

"சின்ன வயதில்?"

"அம்மை போட்டிருக்கு. காய்ச்சல்னு படுத்ததில்லை."

நர்ஸ் மரியம்மா கொல்லத்துப் பக்கத்தவர். அவர் இன்னும் உறுதி செய்துகொள்ள எண்ணி, "பனி ஒண்ணும் உண்டாயிட்டில்லையே?" என்றார். அவர்கள் மலையாள பாஷையில் பனி என்றால் காய்ச்சல். கோமதி அதனை அறியாள்.

"பனியா? இது ஆடி மாசம்லா. பனி மார்கழியிலதான பெய்யும்?"

மரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன். காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ரண சிகிச்சை நடந்த காலையில் மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டே இருந்தது. வராந்தாவில் நானும் என் தமக்கையும், அச்சன்புதூரிலிருந்து வந்திருந்த கோமதியின் தம்பி சுப்பையாவும் நின்றோம். அவளை உள்ளே கொண்டுபோகும்போது அவள் என்னைத் தாண்டி என் தமக்கையைப் பார்த்து, "மதினி, மாட்டுக்குத் தவிடு தீர்ந்துட்டு. அவுகளுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள். கதவு சாத்தப்பட்டது. குளோரோபாரத்தின் இனித்த மணம் கதவிடுக்கு வழியாக வந்தது. அதன் பிறகு எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. தமக்கை முந்தானை நுனியை முடிச்சிட்டு அவிழ்த்து மறுபடியும் முடிச்சிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு மரியம்மா விரைந்து வந்தார். "வெந்நீர் எடுக்கணும், செங்கல்லும் சுட வைக்கணும். அவங்களுக்கு மேலு குளிர்ந்து போயி" என்று சமையற்கட்டை நோக்கிச் சொல்லிக்கொண்டே போனார்.

மேல் என்றால் எங்கள் பக்கத்தில் உடம்பு. மேல் குளிர்ந்துவிட்டது என்று நாங்கள் சொல்வது உயிர் போன உடம்பைத்தான். சுப்பையா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். என் தமக்கை கூந்தலை அவிழ்க்கக் கையை உயர்த்திவிட்டாள். வெந்நீரை நானும் கடைசிக் குளிப்பாட்டுக்கு என்றே நினைத்தேன்.

மரியம்மா திரும்பி வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். "ஐயோ, என்ன இது? அவங்க இருக்காங்க. கட்டி எடுத்தாச்சு. சூடு கொறஞ்சு போச்சு, அவ்வளவுதான். பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

பின்னர் டாக்டரம்மாள் விளக்கியது இது. குளோரோபாரத்தின் மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. விழித்திருப்பவனுக்குக் குளிர்ந்தால் தோல் சுருங்கும், உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்தினாலேயே சூடு பிறக்கும். மயங்கிக் கிடப்பவனுக்கு இந்த இரண்டும் இல்லை. மேலும், வயிறு திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் சூடு அடுப்பின் வாயிலிருந்து போவது போல் வெளியே போகிறது; அன்றோ சாரல் காற்று வேறு. ஆகவே உஷ்ணமானியின் இரசம் இருக்க வேண்டிய இடத்துக்கு மிகவும் கீழே நின்றதாம். மயக்கம் தெளிகையில் பற்கள் கிட்டி நடுக்கம் வரும், அது நல்லதே என்றார். அப்படியே வந்தது. துணி சுற்றிய சூட்டுச் செங்கற்களைக் கால்மாட்டிலும் விலாவிலும் வைத்தார்கள். தோலைச் சுட்டுவிடாமல் இருக்க என் தமக்கை ஒவ்வொரு செங்கல்லையும் முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகே கொடுத்தாள். மாலைக்குள் கோமதியின் விரல் நுனிகளில் நிறம் திரும்பிற்று.

அடுத்த இரண்டு நாட்களும் அட்டையிலிருந்த கோடு சற்றே மேலேறி நின்றது. நான் அச்சத்தோடு கேட்டதற்கு, ரண சிகிச்சைக்குப் பின் வரும் இந்தச் சிறு சூடு நோயன்று, வெட்டுண்ட சதையை உடம்பு சீர்படுத்துகையில் உண்டாகும் சூடு. இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மாள். அஞ்ச வேண்டியது, சூடு தணிந்த பிறகு மறுபடியும் ஏறுமானால்தான். அப்படி ஏறினால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். சீழை உள்ளிருந்தே அழிக்கும் மருந்துகள் இப்போது வந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அன்று எங்கள் பக்கத்தில் அவை இல்லை. தைத்த வயிற்றை மறுபடியும் திறந்து கழுவுவது ஒன்றே வழி. திறக்கப்பட்டவர்களில் பிழைத்தவர் சிலர் என்பதை, நான் வற்புறுத்திக் கேட்டபின், அவர் மறைக்காமல் சொன்னார்.

சூடு தணிந்தது. அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். சுப்பையா அச்சன்புதூருக்குப் போய்க் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு திரும்பி வந்தான். அதற்கு மறுநாள், மத்தியானக் கஞ்சி வரும் நேரத்தில், கோமதி போர்வையை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் கட்டில் கடகடவென்று ஆடத் தொடங்கிற்று. பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. தையல் பிரிந்துவிடாதபடி மரியம்மா தம் இரு கைகளாலும் அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் அடங்கியதும் உடம்பு நெருப்பாய்க் காய்ந்தது. இரசம் நூற்றுநான்கைத் தாண்டி நின்றது. சுந்தரபாண்டியபுரத்துக்காரர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, டிகிரி கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

டாக்டரம்மாள் கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தார். வெளியே சிவப்பில்லை, கசிவில்லை. அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. வெளியே சுத்தமாயிருந்து உள்ளே சீழ் கோப்பதும் உண்டாம்.  "மறுபடியும் திறக்க வேண்டியிருக்கலாம். அதற்கு முன் பெரியவர் ஒருவரைக் கேட்க விரும்புகிறேன்" என்றார். ரண சிகிச்சையில் பெயர் பெற்ற ஒரு பெரிய டாக்டர், சாரலுக்காகக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். டாக்டரம்மாள் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். நான் குதிரை வண்டி பிடித்து ஓடினேன்.

பங்களாவில் அவர் இல்லை; அருவிக்குப் போயிருந்தார். அருவிக்கரையில் பாறைமேல் வரிசையாய் அமர்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தனை ஆடவரும், கோவணமும் எண்ணெயுமாய் எனக்கு ஒன்று போலவே தோன்றினார்கள். டாக்டர் ஐயா யார், டாக்டர் ஐயா யார் என்று நான் அலறிக்கொண்டு போனதைக் கேட்டு, கனத்த உடம்புடைய ஒருவர் கண்ணைத் திறவாமலே, "இங்கன இருக்கேன். சத்தம் போடாதீரும்" என்றார். எண்ணெய் தேய்ப்பவன் அவர் தோளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சீட்டை நீட்டினேன். "கையெல்லாம் எண்ணெய். நீரே வாசியும்" என்றார்.

"இங்கிலீசுல இருக்கு ஐயா. எனக்குத் தெரியாது."

"அப்பம் பிரிச்சு என் கண்ணுக்கு நேரே பிடியும்."

பிடித்தேன். அருவித் திவலை பட்டு மை கரைந்து ஓடத் தொடங்கிற்று. அவர் முழுவதும் படித்தாரோ என்னவோ, எண்ணெய் தேய்ப்பவனைக் கையால் விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் செங்கோட்டைப் பக்கத்திலேயே பிறந்தவர் என்பது அவர் பேச்சில் தெரிந்தது.

"நடுங்கினப்புறம் காஞ்சுதா, காஞ்சப்புறம் நடுங்கிச்சா?"

"முதல்ல நடுங்கிச்சு. பொறவு காஞ்சுது."

"எந்த ஊருப் பொம்பளை?"

"மேலகரம் ஐயா."

"அது உம்ம ஊரு. அவ பொறந்த ஊரு?"

"அச்சன்புதூர்."

"மலையடில்லா. ஏம்வே, அவளுக்குக் குளிரு உண்டா?"

"குளிரு உண்டு ஐயா" என்றேன் நான், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடு. "பொறந்த வீட்டுல இருக்கும்போதே உண்டு. வருசா வருசம் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஆட்டும். சாக்கைப் போட்டு மூடிக்கிடுவா. வேர்த்ததும் எந்திரிச்சு வேலையப் பார்ப்பா."

"இதை ஏன் அந்த அம்மாகிட்ட சொல்லலை?"

"அவுக காய்ச்சல் உண்டுமான்னுதான் கேட்டாக."

எண்ணெய் தேய்ப்பவன் சிரித்தான். "கேட்டதுக்குச் சரியாத்தான சொல்லியிருக்காரு எசமான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "குளிருதாம்வே காய்ச்சல்" என்றார். "கேட்டதும் சரி, சொன்னதும் சரி. நடுவுல ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டா அவ. வண்டியை நிறுத்தி வையும், எண்ணெயைக் கழுவிட்டு வாரேன்."

ஐயா, அம்மா, இவ்விடத்தில் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் காய்ச்சல் என்பது படுத்துக் கிடப்பது, பத்தியம் இருப்பது, தலைக்குத் தண்ணீர் விடும் வரை வெளியே இறங்காமலிருப்பது. குளிர் என்பது வருவது, ஆட்டுவது, போவது. மலையடியில் வயலில் இறங்குகிறவர்களுக்கு அது வெயிலையும் மழையையும் போல. வெயில் அடித்ததா என்று கேட்டால் எவராவது நோய்க் கணக்கில் சேர்த்துச் சொல்லுவாரா? ஆனால் அந்தக் குளிர்தான் டாக்டர்கள் மலேரியா என்று சொல்லும் முறைக்காய்ச்சல். கொசுவினால் இரத்தத்தில் ஏறி, குணமானது போலக் காட்டி, உடம்பினுள்ளே அடங்கிக் கிடக்கும். பிள்ளைப்பேறோ ரண சிகிச்சையோ வந்து உடம்பு தளர்ந்த சமயம் பார்த்து எழும்பும். அடங்கிக் கிடக்கையில் உஷ்ணமானிக்கு அது தெரியாது. அட்டையில் கோடு வரப்பு போல் நேராய் ஓடியது அதனால்தான்.

பெரிய டாக்டர் ஈரத் தலையோடு வந்து கோமதியின் இடது விலாவின் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். டாக்டரம்மாளின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மண்ணீரல் வீங்கிக் கட்டியாய்த் தட்டுப்பட்டதாம். முன்னே வயிறு முழுவதையும் நீர்ப்பை அடைத்திருந்தபடியால் அதைத் தொட்டறிய யாராலும் முடிந்திராது என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். அவர் அவ்வாறு சொன்னது எனக்கு மகிழ்ச்சியாய் இருந்தது. டாக்டரம்மாள் நடுக்கம் வந்தது முதல் தண்ணீர்கூட அருந்தவில்லை என்று மரியம்மா சொல்லியிருந்தார்.

ஆனால் பயம் அதோடு தீரவில்லை. பெரிய டாக்டர் என்னையும் சுப்பையாவையும் வெளியே அழைத்து, "குளிரு இருக்கிறவளுக்குச் சீழ் பிடிக்காதுன்னு சட்டம் ஒண்ணும் கெடையாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்" என்றார். இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, தெரியாததனால் இல்லை என்று ஆகாது என்றார்கள். பெரிய டாக்டர் சொன்ன வழி இது: முறைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவை ஊசியாய் ஏற்றுவது. இரண்டு நாள் பொறுப்பது. முறைக்காய்ச்சலானால் நாளை சூடு இராது, நாளை மறுநாள் அதே மத்தியானம் நடுக்கம் வர வேண்டும், கொயினா பிடித்திருந்தால் வராது. அன்றும் நடுக்கம் வந்தாலோ, இடையில் சூடு இறங்காவிட்டாலோ, வயிற்றைத் திறப்பது. பொறுப்பதிலும் ஆபத்து உண்டு: சீழாயிருந்தால் அந்த இரண்டு நாட்களும் அதற்கு லாபம். "நீர்தான் சொல்லணும்" என்றார்.

சுப்பையா என் கையைப் பற்றிக்கொண்டான். "அத்தான், தொறந்து பாத்துரச் சொல்லுங்க. ரெண்டு நாள் கையக் கட்டிட்டு இருக்கச் சொல்லுதாகளே. எங்கக்கா செத்துப் போயிருவா."

"தொறந்தாலும் செத்துப் போயிருவாலே" என்றாள் என் தமக்கை. அவள் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒருதரம் தொறந்ததுக்கே மேலு ஐஸா ஆயிட்டு. இன்னொருதரம் அவ தாங்குவாளா?"

நான் உள்ளே போய்க் கோமதியின் தலைமாட்டில் நின்றேன். வேர்த்து நனைந்து, சூடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். "நடுங்கிச்சே, அது நம்ம வீட்டுக் குளிருதானா? வேற மாதிரியா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தாள். "குளிருதான். முதல்ல முதுகுத்தண்டுல ஏறும். பொறவுதான் பல்லு அடிக்கும். எனக்குத் தெரியாதா?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"காய்ச்சல்னா படுத்துக் கெடக்கணும். நான் எந்நாளும் படுத்ததில்லையே" என்றாள். பிறகு, "என்னத் திரும்பக் கீறப் போறாகளோ?" என்றாள்.

அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு வெளியே வந்து, பொறுக்கலாம் என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். சொன்ன வாய் எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை. அவள் இறந்துபோனால் அந்த ஒரு சொல்லினால்தான் இறந்தாள் என்று சுப்பையா ஆயுள் முழுவதும் நினைப்பான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இடைநாளில் சூடு இல்லை. கோடு இறங்கி நின்றது. கொயினாவின் வேகத்தில் அவளுக்குக் காது இரைந்தது. "காதுக்குள்ள மெயினருவி விழுது மதினி" என்றாள். என் தமக்கை, "நல்லாருக்கே, வண்டிச் சத்தக் காசு இல்லாம குத்தாலம் பாத்துட்டே" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சுப்பையா என்னோடு பேசவில்லை. ஆயினும் எனக்குச் சாப்பாடு வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நான் உண்ணும் வரை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மத்தியானத்தையே நினைத்துக்கொண்டிருந்தோம். ரண சிகிச்சை அறையைக் கழுவித் தயாராய் வைத்திருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டாக்டரம்மாள் வேறு நோயாளிகளைப் பார்ப்பவர் போல் அந்தக் கூடத்தைவிட்டு அகலாமலே இருந்தார். கஞ்சிப் பாத்திரத்தின் ஓசை வராந்தாவில் கேட்டது. நாங்கள் எல்லோரும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கைகள் போர்வைமேல் அசையாமல் கிடந்தன.

அப்போது கோமதி, "குளிருது" என்றாள்.

மரியம்மா உஷ்ணமானியை உதறிய வேகத்தில் அது அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அதை அவள் நாவின் கீழ் வைத்தார். டாக்டரம்மாள் நாடியைப் பிடித்தார். சுப்பையா என்னைப் பார்த்தான்; அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. உஷ்ணமானி வாயில் இருக்கும் வரை நோயாளி பேசக்கூடாது. கோமதி பேசாமல், கண்ணை மட்டும் திரும்பத் திரும்ப ஒரு பக்கமாய் உருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னி கண்டுவிட்டது என்றே நான் நினைத்தேன்.

மரியம்மா உஷ்ணமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒருமுறை பார்த்தார், திருப்பி மறுமுறை பார்த்தார், டாக்டரம்மாளிடம் கொடுத்தார். டாக்டரம்மாள் பார்த்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சன்னலைச் சாத்துங்கன்னு எம்புட்டு நேரமா கண்ணக் காட்டுதேன்" என்றாள் கோமதி. "சாரல் வந்து கால்மாடு பூராவும் நனைஞ்சு கெடக்கு. இத்தனை பேரு நிக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியலையா?"

ஜன்னலைச் சாத்தியவன் சுப்பையா. சாத்திவிட்டு, அந்தப் பக்கம் திரும்பியபடியே நின்று அழுதான்.

இரசம் தொண்ணூற்றெட்டும் சொச்சத்திலேயே நின்றதாம். மத்தியானம் கழிந்தது, மாலையும் கழிந்தது. நடுக்கம் வரவில்லை. அதற்கு அடுத்த முறைநாளிலும் வரவில்லை. இடையில் ஒரு தையலில் சிறிது சீழ் கண்டு இரண்டொரு நாள் மெல்லிய சூடு அடித்தது. அதை வெளியிலேயே திறந்து துடைத்து ஆற்றிவிட்டார்கள். கோமதி வீடு வந்தாள். பெரிய டாக்டர் சொன்னபடி கொயினாவை நெடுநாள் விடாமல் உண்டாள். அந்தக் கசப்பைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவது மரியாதையன்று. இப்போது அவள் குனிந்து நிமிர்கிறாள். சென்ற நடவில் தமக்கையோடு போட்டி போட்டு நாற்று முடி பிடித்தாள்.

அதன் பின் நான் தென்காசிக்கு எவரையேனும் அழைத்துப் போகும்பொழுது டாக்டரம்மாள் கேட்பதைக் கவனித்திருக்கிறேன். காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா, பனி உண்டா, நடுங்கி வேர்த்தது உண்டா என்று தனித்தனியே கேட்கிறார். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா டாக்டரும் அப்படிக் கேட்பார்கள் என்று இருந்துவிட முடியாது. ஆதலால் கேளாமலே நீங்கள் சொல்லுங்கள். நோய் என்று நீங்கள் எண்ணாததையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயரோ அந்தப் பெயராலேயே சொல்லி, அது வரும் விதத்தையும் போகும் விதத்தையும் சொல்லுங்கள். வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ரண சிகிச்சைக்குப் பின் உடம்பு குளிர்ந்தால் அலறாதீர்கள். முதல் இரண்டு நாள் சூட்டுக்கு அஞ்சாதீர்கள். தணிந்த சூடு மறுபடியும் ஏறினால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

இவ்விவரத்தை வாசித்துவிட்டு எறிந்துவிடாமல், பஞ்சாங்கம் வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.